முதுகில் விழும் தண்ணீர்

"கண்ண மூடிக்க புள்ள" என்கிறார், மூடிக்கொள்கிறேன், ஆனால் தண்ணீர் தலையில் விழவில்லை, தோளில் விழுகிறது, தலைக்கு ஊற்றப்போகிறவர் மாதிரிச் சொல்லிவிட்டுத் தோளில் ஊற்றுகிறார், பயம், மூக்கில் தண்ணீர் ஏறிவிடுமோ, மூச்சு முட்டிவிடுமோ என்று அவருக்குப் பயம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னைக் குளிப்பாட்டுவது இதுதான் முதல் தடவை. தினமும் குளிப்பாட்டுகிறவள் மயிலாத்தாள், இவருடைய தங்கை, அவள் மகளுக்கு இன்று பெருந்துறையில் வளைகாப்பு, போகாமல் எப்படி இருப்பாள், போகும்போது மூன்று தடவை திரும்பி வந்து அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தாள், தண்ணி ரொம்பச் சுடக்கூடாது, தேச்சுவிடக்கூடாது, துணியில ஒத்தணும், அண்ணன் ஆகட்டும் ஆகட்டும் என்று தலையாட்டினார். இப்போது முழங்கையை வாளிக்குள் விட்டுச் சூடு பார்க்கிறார், மகள் பிருந்தா கைக்குழந்தையாக இருந்தபோது என் அம்மா அப்படித்தான் பார்ப்பாள், அது இவருக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது, அப்போதெல்லாம் இவர் குளிக்கிற அறைப்பக்கமே வந்ததில்லையே. மோட்டார் காயில் கட்டுகிற கடை இவருடையது, எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துக் கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றுவார், வார்னீஷ் வாசம் விரலை விட்டுப் போனதே இல்லை, அந்த விரல்தான் இப்போது என் தோளெலும்பின் மேல் நிற்கிறது, எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறது. எலும்பு அவருக்குத் தெரியும். இத்தனை எலும்பு இருக்கும் என்று தெரிந்திருக்காது. நானே பார்த்ததில்லை, மயிலா கண்ணாடியை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டாள், துடைக்கிறதுக்கு எடுத்தேன் அண்ணி என்றாள், துடைத்து முடிக்கவே இல்லை.

பதினோரு மணிக்கு வண்டி வரும். கோயமுத்தூருக்குப் போக வேண்டும். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்குகிற குழாயில் கட்டி, குழாய் அடைத்துக்கொண்டது, உள்ளே ஒரு கம்பிக்குழாய் வைத்தார்கள், அது அடைத்தது, இன்னொன்று வைத்தார்கள், அதுவும் அடைத்துவிட்டது. இந்தத் தடவை விலாவில் துளை போட்டு வெளியே ஒரு பையைத் தொங்கவிடுவார்களாம். போட்டால் சரியாகிவிடுமா என்று இவர் கேட்டதற்கு டாக்டர் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம். எதைப் பார்க்கலாம்? யார் பார்க்கப்போவது? நல்ல டாக்டர்தான், முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார், ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் மேசை மேல் இருந்த பேனாவைப் பார்த்தார், பேனாவைத்தான் பார்க்கலாம் என்றாரோ என்னவோ. அன்றிலிருந்து அந்தச் சொல் மீன் முள் மாதிரித் தொண்டையில் நிற்கிறது, சாப்பிடும்போது பார்க்கலாம், படுக்கும்போது பார்க்கலாம். இதோ அரிப்பு வந்துவிட்டது. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த அரிப்பு இருக்கிறதே, மேல்தோலில் இல்லை, அதற்கும் கீழே, நகம் எட்டாத இடத்தில், யாரோ உள்ளேயிருந்து விரலால் நெருடுகிற மாதிரி, உள்ளங்கால், உள்ளங்கை, முதுகு, நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள் மயிலா, ராத்திரியில் கையில் காலுறையை மாட்டிவிடுகிறாள், அப்படியும் விடிந்தால் படுக்கை விரிப்பில் ரத்தக் கீறல். தண்ணீர் விழும்போது மட்டும் நின்றுவிடுகிறது. விழுந்து வழிந்து முடிந்ததும் மறுபடியும் வருகிறது. ஊற்றுங்கள், ஏன் நிறுத்திவிட்டீர்கள், அடுத்த சொம்பு எங்கே.

அடுத்தது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த மனசு இது. ஈரோடு ஜங்ஷனில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை எனக்கு, கம்ப்யூட்டர் குரல் வருவதற்கு முன்னால் அத்தனை நடைமேடையிலும் என் குரல்தான், இன்னும் சிறிது நேரத்தில் வந்து சேரும், இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும். நின்றுகொண்டிருக்கிற வண்டியைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு எதுவுமே இருந்ததில்லை. வண்டி வந்து நின்றுவிட்டால் என் வேலை முடிந்தது, அடுத்த வண்டிக்குப் போய்விடுவேன். வீட்டிலும் அப்படித்தான், இட்லி வேகும்போதே மத்தியானக் குழம்பு, குழம்பு கொதிக்கும்போதே பிருந்தாவின் பரீட்சை, அவள் பரீட்சை எழுதும்போதே அவள் கல்யாணம். கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரத்தில் நான் பந்தியில் ரசம் பத்துமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், மேளம் கொட்டியதும்தான் திரும்பிப் பார்த்தேன், முடிந்துவிட்டது, எல்லாரும் அட்சதை போட்டுவிட்டார்கள், என் கையில் அட்சதை அப்படியே இருந்தது. ஒரு தடவை கரூர் பஸ்ஸில் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டேன், முன் சீட்டிலிருந்து ஒருவர் சட்டென்று திரும்பி, அம்மா நீங்க ஸ்டேஷன்ல பேசறவங்கதானுங்களே என்றார், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இப்போது அந்தக் குரல் இல்லை. தொண்டையில் காற்று மட்டும் வருகிறது, பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும், இவர் குனிகிறார், "என்ன சொன்ன?" என்கிறார், நான் ஒன்றும் சொல்லவில்லை, உதடு அசைந்திருக்கும். "ஒண்ணுமில்லீங்க, ஊத்துங்க."

ஊற்றுகிறார். நல்ல இளஞ்சூடு. போன தடவை ஆஸ்பத்திரியில் ஈரத்துணியால் துடைத்துவிட்டதோடு சரி, அந்தத் துணி டெட்டால் நாற்றம், அதை நினைத்ததும் பாவாயி அம்மாள் வந்துவிட்டாள். வேண்டாம் என்றால் கேட்க மாட்டாள், வந்துவிடுவாள். எனக்குப் பக்கத்துக் கட்டில், கோபிப் பக்கத்துத் தோட்டத்துக்காரி, மூக்கில் ஒன்று, கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று குழாய்கள், பிடுங்கிப் பிடுங்கிப் போடுகிறாள் என்று இரண்டு கையையும் கட்டிலோடு துணியால் கட்டிவிட்டார்கள். வாயில் குழாய் வைப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து, "அம்மிணி, என்ற கையைச் செத்த அவுத்துவுடு கண்ணு, மூக்கு அரிக்குது" என்றாள். நான் நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் வந்து மூக்கைத் துடைத்துவிட்டுப் போனாள், கையை அவிழ்க்கவில்லை. பாவாயி என்னையே பார்த்தாள். மறுநாள் குழாய் வைத்த பிறகும் என்னையே பார்த்தாள், அந்தக் கண்ணில் வேறு ஒன்றுமே இல்லை, கை, கை, கை என்றுதான் இருந்தது. மகன்கள் வெளியே இருந்தார்கள், நல்ல பிள்ளைகள், எவ்வளவு செலவானாலும் காப்பாற்றுங்கள் என்று அழுதார்கள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ திரையை இழுத்து மறைத்தார்கள், பிறகு கட்டில் காலியாக இருந்தது, கம்பியில் அந்தத் துணி மட்டும் முடிச்சோடு தொங்கியது. எனக்குச் சாவு பயமா, அந்தத் துணி பயமா என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு கிடக்கிறது. சாவென்று நினைத்தால் துணி வருகிறது. துணி என்று நினைத்தால் என் மணிக்கட்டு அரிக்கிறது. சொறிய முடியாத ஒரு அரிப்போடு ஒரு மனுஷி முடிந்துபோவது. அவ்வளவுதான், அதற்கு மேல் என் மனசு போகாது, அங்கேயே நின்று சுற்றும்.

"வலிக்குதா புள்ள?" இல்லை, இல்லை, ஏன் கேட்கிறார், முனகியிருப்பேன். விலாப் பக்கம் அவர் கை வந்து நிற்கிறது, வீங்கியிருக்கிற வயிற்றின் ஓரம், முன்பு ஊசி போட்டு நீர் எடுத்த இடத்தின் வடு, அதைத் தொடாமல் சுற்றிப்போகிறது விரல், தெரிகிறது, பார்த்துவிட்டார், நாளைக்கு இங்கேதான் துளை போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கை எடுக்கவில்லை. மூச்சை இழுத்து விடுகிறார், என் பிடரியில் படுகிறது. இந்த நோய் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் யாரும் சாவு என்ற சொல்லைச் சொல்லவில்லை, பிருந்தா பெங்களூரிலிருந்து தினமும் போனில், பையைப் போட்டா ரெண்டு மாசம் கூட கிடைக்கும்மா, அதுக்குள்ள புது மருந்து ஏதாச்சும் வரும், நீ மட்டும் விட்டுறாதே, என்கிறாள். எதை விட்டுவிடக்கூடாது? நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்? அவள் பாவம், அவளும் அடுத்த வண்டியைத்தான் அறிவித்துக்கொண்டிருக்கிறாள், என் பிள்ளைதானே. இன்று நேராகக் கோயமுத்தூருக்கே வந்துவிடுவாள். இவர் ஒன்றும் சொல்வதில்லை. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இன்னைக்கு ரெண்டு சப்மெர்சிபிள் மோட்டார் வந்துச்சு, ஒண்ணு தேறாது, என்பார். அவ்வளவுதான் பேச்சு. பின்னால் நிற்பதால் இவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் இவருக்குத் தெரியவில்லை, அதனாலோ என்னவோ கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்குப் பயமா இருக்குதா?"

சொம்பு வாளிக்குள் முங்குகிற சத்தம் கேட்டது, எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. பொடக்காளியில் துவைக்கிற கல் மேல் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, வீட்டுக்குப் பின்னால் அந்தக் காலி இடத்தில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"இருக்குது" என்றார்.

"ரொம்பவா?"

"ரொம்ப. ராத்திரி நீ மூச்சு உடறயான்னு எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கறேன் புள்ள. கடைக்குப் போனாலும் நெனப்பு இங்கதான். நேத்து ஒரு காயிலத் தப்பாச் சுத்திப்போட்டேன். இந்த வயசுல."

சொல்லிவிட்டார். இத்தனை நாளாக இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மூலையில் வைத்து மூடிக்கொண்டிருந்தது இந்தக் குளிக்கிற அறைக்கு நடுவில் வந்துவிட்டது, வந்த பிறகு ஒன்றும் ஆகிவிடவில்லை, சுவர் இடியவில்லை. எனக்குந்தாங்க, என்றேன். தெரியும், என்றார். பிறகு சொம்பை எடுத்து ஊற்றினார்.

அந்தச் சொம்பில்தான் அது நடந்தது, நடந்தது என்று சொல்வதுகூடப் பெரிய சொல். தண்ணீர் பிடரியில் விழுந்தது. முதுகெலும்பில் முட்டி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் தோள்பட்டை எலும்பின் பள்ளத்தில் தேங்கி நின்று பிறகு வழிந்தது, இன்னொரு பக்கம் நேராக இடுப்புக்கு இறங்கியது, இறங்கும்போது சூடு குறைந்துகொண்டே போனது, ஸ்டூலின் விளிம்பில் சொட்டி, காலடியில் விழுந்து, குதிகாலைத் தொட்டது. அவ்வளவுதான். ஆனால் நான் அங்கே இருந்தேன். அடுத்த சொம்புக்குப் போகவில்லை. எத்தனையோ வருஷமாக நான் குளித்திருக்கிறேன், தினமும் தண்ணீர் விழுந்திருக்கிறது, ஒரு நாளாவது கூட இருந்தேனா என்று கேட்கக்கூட அப்போது தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது, தோன்றியவுடன் அது போய்விட்டது, அரிப்பு வந்தது, வண்டியின் நினைப்பு வந்தது, பாவாயி வந்தாள். இவர் அடுத்த சொம்பை ஊற்றினார். மறுபடியும் அந்தத் தண்ணீரோடு போனேன். தண்ணீர் விழும் சத்தம் காதுக்குப் பக்கத்தில் பெரிதாகவும், தரையில் சின்னதாகவும் கேட்டது. சோப்பு வாசத்தோடு வார்னீஷ் வாசம். கூரைத் தகட்டின் ஓட்டை வழியாக வெயில் ஒரு ரூபாய் அகலத்துக்கு என் முழங்கால் மேல் விழுந்திருந்தது, தோல் மஞ்சளாக இருந்தது, வெயிலும் மஞ்சளாக இருந்தது, வேறு வேறு மஞ்சள். பயம் எங்கே என்று தேடிப் பார்த்தேன். நிஜமாகவே தேடினேன், வீட்டில் சாவியைத் தேடுகிற மாதிரி. கோயமுத்தூரில் இருந்தது. நாளைக்கு இருந்தது. ராத்திரியில் இருந்தது. இந்த ஸ்டூல் மேல், இந்தத் தண்ணீருக்கு அடியில் இல்லை. செத்துக்கொண்டிருக்கிற உடம்பு இருந்தது, அது நன்றாகவே இருந்தது, எலும்பும் வீக்கமும் சொறிந்த புண்ணுமாக, அதை ஒருவர் நனைத்துக்கொண்டிருந்தார். போய்விட்டது பயம் என்று சொன்னால் பொய். இரண்டு சொம்புக்கு நடுவில் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது, வயிற்றுக்குள் யாரோ படியிறங்குகிற மாதிரி வந்தது. நான் திரும்பவும் முதுகுக்குப் போனேன். வந்தது, போனேன். வந்தது, போனேன். கடைசி நாளிலும் இப்படி ஒரு முதுகு இருக்கும், அதில் ஏதோ ஒன்று படும், துணியோ காற்றோ கையோ, அதுவரைக்கும் அங்கே போகத் தெரிந்தால் போதும். கையைக் கட்டிவிட்டால்? கட்டிவிட்டாலும் போகலாமோ என்னவோ, பாவாயி போனாளோ என்னவோ, எனக்குத் தெரியாது, எனக்கு அவ்வளவு பலம் கிடையாது. கட்டாமல் இருந்தால் நல்லது. அந்த நினைப்பு வந்தபோது பதறிக்கொண்டு வரவில்லை, சும்மா வந்து உட்கார்ந்தது, கட்டாமல் இருந்தால் நல்லது.

வாசலில் ஹாரன் அடித்தது.

"அட்டா, வந்துட்டான். எந்திரி எந்திரி, செத்த பொறு, துண்டு எங்க போச்சு?" இவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் துண்டைத் தேடினார், துண்டு அவர் தோளில்தான் இருந்தது.

"வண்டிய அனுப்பிச்சிருங்க" என்றேன்.

கேட்கவில்லை. குனிந்தார். "என்ன?"

"வண்டி வேண்டாமுங்க. நான் வரல."

"குளிருதா? சால்வை எடுத்தாரட்டுமா?"

"கோயமுத்தூருக்கு நான் வரலைங்க. பையும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஊட்லயே இருக்கறேன்."

அவர் முன்பக்கம் வந்து ஈரத்தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். இப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். சட்டை முழுக்க நனைந்திருந்தது, என்னை விட அவர்தான் குளித்திருந்தார். தாடையில் நாலு நாள் தாடி வெள்ளையாக இருந்தது.

"கோவத்துல சொல்றயா?"

"இல்லீங்க."

"நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனா, பயமா இருக்குதுன்னு சொன்னேனே, அதுக்கா?"

"அதுக்கில்லீங்க. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

"பிருந்தா ரயில் ஏறிட்டா. அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"ஊட்டுக்கு வரச் சொல்லுங்க. அழுவா. அழுகட்டும். நான் பேசறேன்."

கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தேடினார், எனக்குத் தெரிந்தது.

"போகலைன்னா…" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"போகலைன்னா சீக்கிரம்" என்றேன். "டாக்டர்கிட்ட வலிக்கு மட்டும் மருந்து கேளுங்க. அரிப்புக்குக் கேளுங்க. மயிலா இருக்கறா. நீங்க இருக்கறீங்க."

ஹாரன் மறுபடியும் அடித்தது. அவர் எழுந்து போகவில்லை. பிறகு என் முழங்கால் மேல் நெற்றியை வைத்தார், வைத்து அழுதார், சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது, கண்ணீர் சூடாக இருந்தது, வாளித் தண்ணீரை விடச் சூடு, அது கணுக்கால் வரைக்கும் வழிந்ததை நான் விடாமல் பின்தொடர்ந்தேன். தலையில் கை வைத்தேன். முடிக்குள்ளும் வார்னீஷ் வாசம். இவரை இப்படி விட்டுவிட்டுப் போகிறேனே என்று நெஞ்சுக்குள் ஒன்று பிய்ந்தது, அதற்கு மருந்து எதுவும் இல்லை, அமைதி என்றால் அந்த வேதனை இல்லாமல் போவதல்ல போலிருக்கிறது, அதுவும் இங்கேயே இருந்தது, அவர் தலையின் பாரமும் இருந்தது.

எழுந்து போனார். தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். வாசலில் பேச்சுக் குரல் கேட்டது, டிரைவர் ஏதோ கேட்டான், இவர், இல்லப்பா, இன்னைக்கு இல்ல, என்றார், அதற்கப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, இனி வேண்டாமப்பா, என்றார். காரைப் பின்னால் எடுத்துத் திருப்புகிற சத்தம், கியர் மாற்றுகிற சத்தம், தெருமுனை வரைக்கும் கேட்டது, பிறகு கேட்கவில்லை. நான் தனியாக ஈரத்தோடு உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. காற்று முதுகில் பட்டு மயிர் சிலிர்த்தது. அரித்தது, சொறியவில்லை, அரிப்பு ஏறுவதை, உச்சிக்குப் போவதை, அங்கேயே நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இறங்கவில்லை, கடைசியில் பொறுக்க முடியாமல் சொறிந்துகொண்டேன்.

அவர் வந்தார். கண் சிவந்திருந்தது. வாளிக்குள் முழங்கையை விட்டார்.

"ஆறிப்போச்சு புள்ள. வேற சுட வெச்சுக் கொண்டாரட்டுமா?"

"வேண்டாமுங்க. அதையே ஊத்துங்க."

"சில்லுனு இருக்கும்."

"இருக்கட்டும்."

யோசித்தார். பிறகு சொம்பை முக்கி எடுத்து, இந்தத் தடவை தலையில் ஊற்றினார். மூச்சு நின்று வந்தது, வாய் தானாகத் திறந்துகொண்டது, நெற்றியிலும் காதுக்குள்ளும் வாய்க்குள்ளும் தண்ணீர். அவர் பதறிப்போய்ச் சொம்பைப் போட்டுவிட்டு என் தோளைப் பிடித்தார்.

"என்னாச்சு? தமயந்தி, என்னாச்சு?"

எனக்கு வந்த குரலை அவர் குனியாமலே கேட்டிருப்பார்.

"சில்லுனு இருக்குதுங்க" என்றேன்.